மூடியார் வளர்த்த பூசணம்

அவருக்கும் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. மற்றபடி அந்த பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் மூடியார்தான். யாரோ கேலிக்கு ஆரம்பித்து வைத்தது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டதால் கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

கசிவு சோதனைப் பிரிவுக்கு அவர் தலைவர். டப்பாவில் நீலத் தண்ணீரை ஊற்றி, மூடியை அழுத்தி, வெள்ளைத் தாளின்மேல் தலைகீழாக நிறுத்துவார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடக்கிற வாத்தியார் மாதிரி வரிசைகளுக்கு நடுவே நடப்பார். தாளில் ஒரு பொட்டு நீலம் தெரிந்தால் போதும், அந்த மூடியின் நெற்றியில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி விழும். மேல்முறையீடு கிடையாது. அவர் பாஸ் போட்ட டப்பாவை வாங்கியவர்கள் திறக்க முடியாமல் கம்பெனியைத் திட்டி எழுதுவதும் உண்டு. ஒரு அம்மாள், அடுத்த தடவை டப்பாவோடு ஒரு கடப்பாரையும் சேர்த்துக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். மூடியார் அதை நற்சான்றிதழாகக் கருதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தும் அவர் அதே மூடியார்தான். உப்பு, சர்க்கரை, பொத்தான், ஊசிநூல், மாத்திரை என்று எல்லாம் டப்பாவில். அந்த வீட்டில் டப்பாவுக்குள் போகாமல் தப்பியது ஆட்கள் மட்டும்தான். ஜன்னல்களைப் பற்றி அவருக்குத் தெளிவான கொள்கை இருந்தது. திறந்தால் தூசி வரும், கொசு வரும், பக்கத்து வீட்டுச் சண்டை வரும். மூடினால் ஒன்றும் வராது. பிறகு எதற்குத் திறக்க வேண்டும்? இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து அதன்மேல் டேப்பும் ஒட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி இதற்காகச் சண்டை போட்டுப் பார்த்தாள். அப்புறம் சண்டையை விட்டுவிட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு கரண்டியை வைத்துக்கொள்ளப் பழகினாள். அதன் காம்பால் ஒரு நெம்பு நெம்பினால்தான் அந்த வீட்டில் உப்பு கிடைக்கும்.

இதில் அதிகம் பட்டது மகள்தான். ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை அப்பாதான் தன் கையால் மூடித் தருவார். வகுப்பில் யாராலும் அதைத் திறக்க முடியாது. அவள் முயன்று பார்ப்பாள், பக்கத்துப் பெஞ்சுக்காரி முயன்று பார்ப்பாள், டீச்சர் கைக்குட்டையால் பிடித்துத் திருகிப் பார்ப்பார். அதற்குள் மணி அடித்துவிடும். பாதி நாள் மற்ற பிள்ளைகள் போட்ட பங்கில்தான் அவள் வயிறு நிறைந்தது. சாயங்காலம் சாப்பாடு போனபடியே திரும்பி வரும். மூடியார் அதைத் திறந்து முகர்ந்துவிட்டு, காலையில் வைத்த வாசனை அப்படியே இருக்கிறது என்று மனைவியிடம் நீட்டிக் காட்டிப் பெருமைப்படுவார். பிள்ளை பட்டினி கிடந்ததே என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா? அவருக்குத் தோன்றவில்லை.

மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அவள் போன அன்றே மூடியார் அவளுடைய அறையைச் சாத்தினார். படுக்கை, புத்தகங்கள், அலமாரித் துணிகள், சின்ன வயதில் அவள் வரைந்து சுவரில் ஒட்டிய படம் எதுவும் கெட்டுப்போகக் கூடாது. அவள் எப்போது வந்தாலும் விட்டுப் போன மாதிரியே இருக்க வேண்டும். கதவுக்கு அடியில் துண்டைத் திணித்தார், நாலு பக்கமும் டேப் ஒட்டினார். மகள்மேல் அவருக்கு உயிர். அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

முதல் லீவுக்கு வந்த மகள் அந்த அறையில் கால் வைத்ததும் தும்ம ஆரம்பித்தாள். கண் சிவந்து மூக்கு ஒழுகி, இந்த அறை ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த சித்தி வீட்டுக்குப் போனாள். மூடியார் மறுபடி கதவைச் சாத்தி டேப் ஒட்டினார். அதற்குப் பிறகு வந்த லீவுகளில் மகள் நேராகச் சித்தி வீட்டிலேயே இறங்கி, பெற்றவர்களை வந்து பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி ஆகிவிட்டாள். அவர் அந்தத் தும்மலை நம்பவில்லை. சாக்கு என்று நினைத்தார். பெற்ற வீடு கசந்துவிட்டது, பெற்றவனும் கசந்துவிட்டான் என்று உள்ளுக்குள் குமைந்தார். ஆனால் இங்கேயே தங்கு என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்படி இருக்கையில்தான் மகளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. மண்ணே இல்லாமல், வீட்டுக்குள்ளேயே, தண்ணீரில் செடி வளர்க்கிற பெட்டி. அடியில் தண்ணீர்த் தொட்டி, மேலே ஒரு விளக்கு, நடுவில் தட்டு. தட்டில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி அதில் கீரை விதையை வைக்க வேண்டும். பார்சல் வந்து சேர்ந்ததா என்று கேட்கக் கூப்பிட்டவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இதுல ஏதாவது ஒண்ணு முளைச்சு ரெண்டு இலை விட்டுடுச்சுன்னா, இந்த லீவுக்கு நான் நம்ம வீட்டுலயே தங்கறேன்ப்பா.”

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மூடியார் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து பெட்டியை நடுவில் வைத்தார். இனிமேல் சாப்பாடு தரையில் என்று மனைவிக்கு அறிவித்தார்.

விதைகளுக்கு மேலே கவிழ்க்கக் குட்டிக் குட்டிக் கண்ணாடி மூடிகள் பெட்டியோடு வந்திருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை. மூடியார் ஒன்றை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இப்படிப்பட்ட சரக்கை வெளியே அனுப்பியவனை நினைத்து அவர் உதடு கோணியது. அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போயின. மறுநாள் கம்பெனியிலிருந்து, அடியில் ரப்பர் வளையம் வைத்த குமிழ் மூடிகளை வாங்கி வந்தார். அழுத்தினால் டப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவருக்குத் தூக்கம் நன்றாக வரும்.

கூடவே வந்த குறிப்பில், விதை ஊன்றியதும் மூடி வைக்கவும் என்று இருந்தது. எழுதியவன் விவரமானவன் என்று பாராட்டினார். அடுத்தாற்போல், ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டு ஈரமாக மட்டும் வைக்கவும், தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து காற்றுப் பட விடவும், முளை தலைகாட்டியதும் மூடியை எடுத்துவிடவும் என்று இருந்தது. இது வேறு எவனோ இடையில் செருகியது என்று தள்ளிவிட்டார்.

ஸ்பாஞ்சு சொட்டச் சொட்ட நனைந்தது. மூடிகள் டப் டப்பென்று உட்கார்ந்தன. உள்ளே நீராவி பிடித்துத் துளித்துளியாக நின்றதைப் பார்த்து, ஒரு சொட்டு வெளியே போகவில்லை என்று பூரித்துப் போனார். சில நாளில் விதைகளின்மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முளை என்று நினைத்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“முளை இல்லைங்க. பூசணம்.”

மூடியாருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முதலில் தண்ணீரைக் குறை சொன்னார். பிறகு விதைக் கம்பெனியை. பிறகு மேஜையைத் துடைத்த துணியை, அதாவது மனைவியை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினார், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினார், மூடிகளை வெந்நீரில் அமுக்கி எடுத்தார், கையில் உறை மாட்டிக்கொண்டு மறுபடி விதை வைத்தார். அத்தனை சுத்தம் பார்த்த மனிதர், ஸ்பாஞ்சை மட்டும் முன்னைவிட அதிகமாக நனைத்தார். இந்த முறை மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டினார். அவருடைய நியாயம் இதுதான்: பூசணம் காற்றில் வருகிறது, காற்று இடுக்கில் வருகிறது, ஆகவே இடுக்கை அடை. விதையோடும் கையோடும் ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, வெதுவெதுப்பும் ஈரமுமாக இப்படி ஒரு வீடு கிடைத்ததே என்று பூசணம் அவரை வாழ்த்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. கொஞ்சம் காற்றுப் பட விட்டால் என்ன என்று மனைவி ஒருமுறை கேட்டாள். திருடனைப் பிடிக்கக் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறாள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. பிழைத்த விதைகள் சிலவற்றில் உண்மையாகவே வேர் விட்டது. புது வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். தண்ணீரை உறிஞ்சுவதே அந்த ரோமம்தான். மூடியார் அதையும் பூசணம் என்று முடிவு கட்டினார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொரு வேரையும் பளபளவென்று தேய்த்துச் சுத்தம் செய்தார். மறுநாள் எல்லாம் தலை சாய்ந்தன. நோய் முற்றிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

லீவு நெருங்கியது. மகள் கூப்பிட்டு, என்னப்பா முளைச்சுதா என்று கேட்டாள். மூடியார் ஆயுளில் ஒரு மூடியைப் பற்றிக்கூடப் பொய் சொன்னதில்லை. அன்றைக்கு, அட்டகாசமாக முளைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவள் போட்டோ கேட்டாள். அவர் கடைக்கு ஓடி ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்து, காம்புகளை ஸ்பாஞ்சில் செருகி, விளக்கைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். அப்படியானால் வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வருகிறேன், நம்ம வீட்டுக்கே, என்று பதில் வந்தது.

மூடியார் நடக்கப்போவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மகள் வந்து பெட்டியைப் பார்ப்பாள். பூசணத்தைப் பார்ப்பாள். பொய்யும் தெரிந்துபோகும். பையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போவாள், அதுவும் இந்த முறை தும்மாமலே போவாள். அதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசித் தடவையாக விதை வைத்தார். வெந்நீரில் வெந்து வெந்து சில மூடிகள் கோணிப்போயிருந்தன. அவற்றைக் கழித்துப் பார்த்தால் ஒரு விதைக்கு மூடி குறைந்தது. புதிதாக வாங்க அவசரத்தில் முடியவில்லை, சோதனை மேஜைக்கு அடியிலிருந்த கழிவுத் தொட்டியில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்துவிட்டார். அதன் நெற்றியில் அவர் கையாலேயே போட்ட சிவப்புப் பெருக்கல். வேண்டாவெறுப்பாக அதைக் கடைசி விதையின்மேல் கவிழ்த்தார். டப்பென்ற சத்தம்கூட வரவில்லை.

அந்த வாரம் போகப் போக நல்ல மூடிகளுக்குக் கீழே வழக்கம்போல வெள்ளை படர்ந்தது. சிவப்புப் பெருக்கலுக்குக் கீழே மட்டும் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. குனிந்துகொண்டு வந்து, நிமிர்ந்து, இரண்டு இலைகளை விரித்தது.

மூடியார் அந்த மூடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். துணிக்குப் போடுகிற நீலத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு டப்பாவில் ஊற்றி, அந்த மூடியைப் போட்டு, பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தினார். நீலம் பொட்டுப் பொட்டாக இறங்கியது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் வளையத்தில் மயிரிழை அளவு ஒரு வெட்டு. அவ்வளவுதான்.

“அதுக்குள்ள காத்து போயிருக்கு, பிழைச்சிருக்கு. அதுவும் உயிர்தானேங்க,” என்றாள் மனைவி.

அவர் மேஜைக்குத் திரும்பிப் போய், மற்ற மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். பூசணம் பிடித்ததைத் தூர எறிந்து, புது ஸ்பாஞ்சைப் பிழிந்து, புது விதை வைத்தார். குப்பைக்கூடைக்குப் போன அந்த ஓட்டை மூடிகளை மனைவி எடுத்துப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டிருந்தாள். கரண்டிக் காம்பால் அந்த டப்பாவை நெம்பித் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கவிழ்த்தார். மேஜை மின்விசிறியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, மெதுவாகச் சுற்ற விட்டார். மூடியார் வீட்டில் காற்றுக்கு வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய இலையோடு ஒன்று, இப்போதுதான் கண் விழிக்கிற பொடிசுகள் சில. போட்டோவில் இருந்த கீரைக்கு முன்னால் இவை பேரன் பேத்திகள் மாதிரி இருந்தன. இருந்தாலும் முளைத்தது முளைத்ததுதான், வாக்கு வாக்குதான் என்று மூடியார் தெம்பாக இருந்தார். படுக்கையைத் தட்டிப் போடலாம் என்று மகள் அறையின் டேப்பை உரித்தார், துண்டை இழுத்தார், கதவைத் தள்ளினார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த வாசனை அவருக்குத் தெரியும். இத்தனை நாளாக மூடிகளுக்கு அடியில் முகர்ந்த அதே வாசனை. விளக்கைப் போட்டார். தலையணையில் சாம்பல் பூத்திருந்தது. புத்தக முதுகுகளில் வெள்ளையாகப் பொடி. அலமாரியைத் திறந்தால், மகள் ஆசைப்பட்டு வாங்கிய நீலச் சட்டையின் தோளில் பஞ்சு. சுவரிலிருந்த படத்தில், அப்பா என்று எழுதிய உருவத்தின் முகம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது.

மூடியார் படுக்கை விளிம்பில் உட்கார்ந்து அழுதார். மகள் ஒளிக்காமல், மறைக்காமல், இந்த அறை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லியிருந்தாள். அதை அவர்தான் சாக்கு என்றார். இப்படி ஒரு அறையை அவளுக்கு வைத்துவிட்டு, அவள் போனதற்கு அவள்மேல் கோபப்பட்டோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி வந்து பார்த்தாள். கரண்டியை நீட்டினாள். ஜன்னல் பெயிண்டோடு ஒட்டிப்போயிருந்தது, அவர் நெம்பினார், அவள் தள்ளினாள். பழைய பெயிண்ட் செதிள் செதிளாக உதிர்ந்து, ஜன்னல் அழுதுகொண்டே திறந்தது. அதோடு நிற்கவில்லை, வீட்டிலுள்ள எல்லா ஜன்னலையும் திறந்தார். தூசி வந்தது, கொசு வந்தது, பக்கத்து வீட்டுச் சண்டையும் வந்தது. சண்டை மாமியாருக்கும் மருமகளுக்கும் என்பது அவர் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை வந்து வாசலில் நின்ற மகள் உள்ளே வரவில்லை. ஜன்னலெல்லாம் திறந்து கிடப்பதைப் பார்த்து, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோனாள். அம்மாவும் அப்பாவும் முழுசாக வந்து நின்ற பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். நேராக மேஜைக்குப் போய்க் குனிந்து அந்த இரண்டு இலைகளைப் பார்த்தாள்.

“போட்டோவுல பெருசா இருந்துச்சே?”

“அது கடையில வாங்கினதும்மா,” என்றார் மூடியார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தெரியும். கீரையில ரப்பர் பேண்டு போட்டிருந்துச்சு.”

அவருக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. “தெரிஞ்சுமா வந்தே?”

“நீங்க என்னை வான்னு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்றீங்களேன்னு வந்தேன்.”

பிறகு அவள் தன் அறைக்குப் போனாள். படுக்கை வெளியே வெயிலில் கிடந்தது, சுவரை இரண்டு தடவை துடைத்திருந்தார்கள். இருந்தும் ஒரு நிமிஷத்தில் தும்மல் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் சரமாரியாக. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வருவதற்குள் மூடியார் அவளுடைய பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். சித்தி வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, தப்பு என்னுடையது என்றார். அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. அவள் பையை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தாள். ஹால் ஜன்னலுக்குக் கீழே ஒரு பாயை விரித்துத் தலைக்குக் கையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அந்த லீவு முழுக்க அவள் அங்கேதான் படுத்தாள். கொசு கடித்ததை மட்டும் தினமும் காலையில் அப்பாவிடம் எண்ணிக் காட்டினாள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் வழிக்குச் சாப்பாடு கட்டும் வேலையை மூடியார் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. செடியை முளைக்க விட்ட அந்த மூடிக்குப் பொருத்தமான ஒரு குட்டி டப்பாவைத் தேடி எடுத்துத் துடைத்துவிட்டு, எண்ணெய் மிதக்கிற புளிச்சோற்றை வைத்தார். மூடினார். டப்பென்ற சத்தம் வரவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள், சிவப்புப் பெருக்கலைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் கசிவு சோதனைப் பிரிவில், தலைகீழாக நின்ற டப்பாக்களுக்கு நடுவே அவர் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பஸ் இரைச்சலுக்கு மேலே மகளின் குரல் கேட்டது.

“அப்பா, டப்பா ஒழுகி பையெல்லாம் எண்ணெய். ரெண்டு சட்டை போச்சு.”

மூடியார் நின்ற இடத்திலேயே நின்றார். “சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்ப்பா. நானே திறந்து சாப்பிட்டேன்.”

போனை வைத்துவிட்டு அவர் மூக்கைச் சிந்தினார். தாளில் ஏதோ ஒரு டப்பாவிலிருந்து ஒரு பொட்டு நீலம் இறங்கியிருந்தது. அன்று அதைப் பார்க்காத மாதிரி அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.